ஊசியைத் தொடாதவள்

விபத்தில் அடிபட்டு வருகிறவர்களை முதல் சில நிமிடங்களில் எப்படிக் காப்பாற்றுவது என்று டொக்டர்மாருக்குப் பழக்கும் பயிற்சி அது. கொழும்பில் நடந்தது. கடைசி நாள் பரீட்சையில் டொக்டர் றஸ்மியாவை ஃபெயிலாக்கியவள், பழக்கியவர்களில் ஒருத்தியான தாரிகா.

பரீட்சையில் ஆளுக்கொரு கற்பனை நோயாளி. றஸ்மியாவின் மேசையில் கிடந்த பொம்மைக்கு நெஞ்சுக்குள் காற்று அடைத்து மூச்சு அடங்கிக்கொண்டிருப்பதாகக் கணக்கு. றஸ்மியா அதைச் சரியாகக் கண்டுபிடித்தாள். எந்த இடத்தில் ஊசி ஏற்றிக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்றும் சொன்னாள். ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் தடுமாறினாள். மூடியைக் கழற்றவே நேரம் போனது. விரல்கள் விலா எலும்பைத் தேடித் தேடி வழுக்கின. நேரம் முடிந்தது.

தாரிகாவுக்கு அப்போதே காரணம் விளங்கிவிட்டது. அந்த ஊசியை றஸ்மியா அதற்கு முன் தொட்டதே இல்லை.

முந்தின நாள் பின்னேரம் அதே பொம்மையில் அவர்களைப் பழக்கியது தாரிகாதான். வெள்ளவத்தையில் நீச்சல் வகுப்பு முடிந்து மகள் காத்திருப்பாள்; காலி வீதியில் அந்த நேரம் வாகனம் நகராது. "ஆர் செய்து காட்டுறது?" என்று அவசரமாகக் கேட்டாள். பெரிய ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் வேலை செய்யும் சாரங்கன் முன்னுக்கு வந்தான். பழகிய கை, கச்சிதமாகச் செய்தான். "எல்லாருக்கும் விளங்கினதுதானே?" தலைகள் ஆடின. றஸ்மியாவின் தலையும் ஆடியது. தாரிகா கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

இப்போது பரீட்சைத் தாளில், தேறவில்லை என்ற இடத்தில் புள்ளடி போட்டுக் கையெழுத்தும் வைத்தாள். றஸ்மியா வெளியே போனாள்.

அடுத்த நாள் காலை, பயிற்சிக்குப் பொறுப்பான டொக்டர் இரத்தினசிங்கத்துக்குத் தாரிகா போன் எடுத்தாள்.

"சேர், றஸ்மியா ஃபெயிலானது என்ர பிழை."

"அவ தூர இடத்தில சின்ன ஆஸ்பத்திரியில இருக்கிறவ. அனுபவம் காணாது. அதுக்கு நீர் என்ன செய்யிறது?"

"அனுபவம் இல்லாதவைக்குத்தானே சேர் இந்தப் பயிற்சி. நான் அவவை ஊசியைத் தொட விடேல்லை. வீட்டை போற அவசரத்தில இருந்தனான்."

"இதை நான் பழக்கிற மற்ற ஆக்களிட்டையும் சொல்லவேண்டி வரும்."

"சொல்லுங்கோ சேர்."

"அப்ப திரும்பச் சோதிப்பம். ஆனா நீர் இல்லை, வேற ஆள்."

றஸ்மியாவின் வீடு மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இருந்தது. தூரத்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போக அவள் பயணப் பையைக் கட்டி வைத்திருந்தாள். தாரிகா அங்கே போய், நடந்ததையும் திரும்பச் சோதிக்கப்போவதையும் சொன்னாள்.

"நானும் கேக்கல்லதானே மேடம். எனக்கும் வாய் இருந்திச்சி."

"ஒவ்வொருத்தரா வந்து செய்யுங்கோ எண்டு நான்தான் சொல்லியிருக்கவேணும்."

றஸ்மியா தேநீரை முன்னால் வைத்தாள். "ரெண்டு மாசத்துக்கு முந்தி எங்கட ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரக் கொண்டு வந்தாங்க. ட்ராக்டர் பொரண்டு நெஞ்சில அடி. எனக்கு என்ன செய்யிறதெண்டு தெரியும், கை வரல்ல. அம்பியூலன்ஸ்ல ஏத்தி அனுப்பினேன். வழியிலயே உசிர் போயிட்டு. அதாலதான் நானாக் கேட்டு இந்தப் பயிற்சிக்கு வந்தேன்."

தாரிகா எழும்பி, "வாரும், மண்டபத்துக்குப் போவம்," என்றாள்.

அன்றே இருவரும் பயிற்சி மண்டபத்துக்குப் போனார்கள். கை தானாக இடத்தைக் கண்டுபிடிக்கும்வரை றஸ்மியா ஊசியை ஏற்றினாள். தாரிகா பக்கத்தில் நின்றாள், அதிகம் பேசவில்லை. அந்தக் கிழமையே வேறொருவர் சோதித்தார், றஸ்மியா தேறினாள். வெளியே வந்து, "தேங்க்ஸ் மேடம்," என்றாள். அந்த நன்றி தாரிகாவைச் சுட்டது.

இதற்கு முன் எத்தனை குழுக்களில் இப்படித் தலையாட்ட வைத்துவிட்டு ஓடினோம் என்று யோசித்தாள். முகங்கள்கூட ஞாபகம் வரவில்லை. இரத்தினசிங்கத்திடம் போனாள்.

"சேர், நான் பழக்கின ஆக்களைத் திரும்பக் கூப்பிடவேணும்."

"ஃபெயிலான ஆக்களையோ?"

"பாஸானவையளையும்தான் சேர். ஊசியைத் தொடாமலே பாஸானவையும் இருப்பினம்," என்றாள் தாரிகா.