லாட்ஜை மூடலாமா?

கடைத்தெருவின் நட்டநடுவே இருந்த அந்த நாலு மாடி லாட்ஜில் அறுபத்திரண்டு அறைகள். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அங்கே தங்குவதில்லை. வாரத்துக்கோ மாதத்துக்கோ வாடகை கட்டி, ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளுகிறவர்கள்தான் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஆணியில் தொங்கும் நாலு துணி. மாடிக்கு இரண்டு குளியலறை. அத்தனை அறைச் சாவிக்கும் பொறுப்பு, கீழே கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயதுப் பெண். பதினாலு வருஷமாக அதே நாற்காலிதான். அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைச் சாவியக்கா என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை நகரசபை ஆட்கள் வந்து வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். லாட்ஜை மூடுவது பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கப்போகிறார்களாம். அன்றிலிருந்து தெரு இரண்டுபட்டது. வாசலில் குடித்துவிட்டுக் கிடக்கிறார்கள், ஓயாமல் ஆம்புலன்ஸ் வருகிறது, வாடிக்கையாளர்கள் இந்தப் பக்கம் வரவே பயப்படுகிறார்கள் என்று கடைக்காரர்கள் மனு எழுதினார்கள். அதில் முதல் கையெழுத்து சாவியக்காவின் கூடப்பிறந்த தம்பியுடையது. அவன் எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான்.

மறுநாளே தம்பி கவுண்ட்டருக்கு வந்தான். கூட்டத்தில் அக்காவும் பேச வேண்டும் என்றான். மூன்றாம் மாடிப் படிக்கட்டில் காரை பெயர்ந்து ஒருவர் தலையில் விழுந்ததையும், நாற்பத்தெட்டாம் அறைப் பெரியவர் இறந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்ததையும் சொன்னால் போதுமாம்.

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்க்கா. நீ பாத்ததைச் சொல்லு."

அவன் போன கொஞ்ச நேரத்தில், குடியிருப்பவர்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடும் வக்கீல் பெண் வந்தாள். அவளும் அதையேதான் சொன்னாள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், போதும். சாவியக்கா பார்த்ததில் இன்னொன்றும் இருந்தது. நாற்பத்தெட்டாம் அறைப் பெரியவருக்கு ஆறு வருஷம் தவறாமல் தேநீர் வாங்கிக் கொடுத்தவர் பக்கத்து அறைக்காரர். அவர் ஆஸ்பத்திரியில் படுத்த வாரத்தில்தான் பெரியவர் போய்ச் சேர்ந்தார். இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்ப்பது?

யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. பதினாறாம் அறைக்காரரிடம் அறுபத்தொன்றின் சாவியைத் தவறுதலாக எடுத்துக் கொடுத்தாள். அவர் தன் அறைக் கதவோடு மல்லுக்கட்டிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

கூட்டத்தன்று காலையில், வேலை நேரத்தில் அவள் போட்டுக்கொள்ளும் மேல்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த பொத்தானை மூன்றாம் மாடித் தையல்காரர் தைத்துக் கொடுத்தார். பதினோரு வருஷமாக அங்கே குடியிருப்பவர். தெருவிலுள்ள துணிக்கடைகளுக்கெல்லாம் பிடித்துப் பிரித்துத் தைத்துக் கொடுப்பது அவர்தான். "நீங்க இருக்கறப்போ எங்களுக்கு என்னக்கா கவலை," என்றார்.

நகரசபை மண்டபம் நிரம்பி வழிந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம். சாவியக்கா ஒலிபெருக்கி முன்னால் நின்றபோது, தயார் செய்து வைத்திருந்த முதல் வாக்கியமே மறந்துபோயிற்று. நகரசபைத் தலைவர் பொறுமையான மனிதர். அவரே ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க அங்க ஒரு ரூம் எடுத்துத் தங்குவீங்களாம்மா?"

"மாட்டேங்க."

கடைக்காரர்கள் பக்கம் சலசலத்தது. தலைவர் எதையோ குறித்துக்கொண்டார்.

"அப்ப மூடிடலாம்கறீங்க."

"மூடக் கூடாதுங்க."

மண்டபமே சிரித்தது. "ரெண்டுல எதும்மா?" என்றார் தலைவர்.

"ரெண்டும்தாங்க. எனக்குப் போக ஒரு வீடு இருக்கு, அதனால மாட்டேன்னேன். அவங்களுக்கு எங்க இருக்கு? ஒழுங்கா பழுது பாத்துக் குடுங்கன்னு கேக்கலாம்னு நினைச்சேன். ஆனா பழுது பாக்கறோம்னு சொல்லியே எல்லாரையும் வெளிய அனுப்பிடுவீங்களோன்னும் பயமா இருக்கு. எனக்குத் தெரியலைங்க."

மணி அடித்துவிட்டது.

லாட்ஜ் ஊழியரே தங்க மறுக்கிறார் என்று மறுநாள் ஒரு பத்திரிகை எழுதியது. மூடாதீர்கள் என்று ஊழியர் கண்ணீர் விட்டதாக இன்னொன்று எழுதியது. அவள் அழவே இல்லை. தம்பி முதல் பத்திரிகையையும் வக்கீல் பெண் இரண்டாவதையும் கொண்டுவந்து காட்டி நன்றி சொன்னார்கள்.

தையல்காரர் மட்டும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சாவியை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

"மாட்டேன்னு சொல்ல உங்களுக்கு ஒரு விநாடிகூட ஆகலையேக்கா."

உண்மையைத்தானே சொன்னோம் என்று நினைத்தாள். அந்த உண்மை அவர் முகத்தில் அடித்த மாதிரி இருந்ததும் உண்மைதான்.

ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. லாட்ஜை மூட வேண்டாம். மேலே இரண்டு மாடிகளைக் காலி செய்து ஆறு மாதத்தில் பழுது பார்க்க வேண்டும். அங்கிருக்கும் முப்பது பேரை அதுவரை ஊர்க்கோடியிலுள்ள விடுதிக்கு அனுப்ப வேண்டும். ஊழியரின் வேண்டுகோளையும் கருத்தில் கொண்டு, என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை அவள் மூன்று முறை படித்தாள். தான் பயந்ததையே தான் கேட்டதாக எழுதியிருக்கிறார்களே! வக்கீல் பெண்ணைக் கேட்டால், நமக்குத்தான் வெற்றி என்றாள். தம்பியைக் கேட்டால், எங்களுக்குத்தான் வெற்றி என்றான். தோற்றது யார் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

புது விடுதியில் தையல் மெஷினுக்கு அனுமதி இல்லையாம். அதைக் கேள்விப்பட்டதும் சாவியக்கா நேராகத் தம்பி கடைக்குப் போய், பின்னறையை ஒழித்துத் தரச் சொன்னாள். அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்திருந்தாள். அவனோ கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கட்டடத்தைத்தானே வேணாம்னேன், அவரையா வேணாம்னேன்?" என்றான். அன்று மாலையே அட்டைப்பெட்டிகளைத் தூக்கி ஓரம் கட்டினான். தையல்காரர் தயங்கினார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து அங்கே உட்கார்ந்து தைத்தார்.

மூன்று வாரம் கழித்துத்தான் அவர் அவளிடம் பழையபடி பேசினார். விடுதியில் வெந்நீர் வருகிறது, ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது, பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை என்றார். பழுது முடிந்ததும் திரும்பி வருவீர்கள்தானே என்று கேட்டாள்.

"வெந்நீர் பழகிப்போச்சேக்கா," என்றார், நூலைப் பல்லால் கடித்தபடி.

அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எரிச்சல்தான் வந்தது. அவர் அங்கே கஷ்டப்பட வேண்டும் என்றா ஆசைப்பட்டோம் என்று நினைத்து, அந்த எரிச்சலுக்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

மறுநாள் மத்தியானம் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தாள். அறைகளுக்கு நடுவே இருந்த சுவர்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு அறையை ஒன்றாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை கட்டுவதாக மேஸ்திரி பெருமையாகச் சொன்னார். வரைபடத்தையும் விரித்துக் காட்டினார். இரண்டு மாடிக்கும் சேர்த்து, முப்பது அறை இருந்த இடத்தில் பதினைந்து.

"மீதிப் பதினஞ்சு பேர் எங்க போவாங்க?" என்று கேட்டாள்.

"அது எங்க வேலை இல்லீங்களே," என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் கீழே வந்து, போனவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினாள். முப்பதும் கணக்காக வந்தன. கவுண்ட்டரைப் பார்த்துக்கொள்ளும்படி பதினாறாம் அறைக்காரரிடம் சொல்லிவிட்டு, தாளை மடித்துக்கொண்டு வக்கீல் அலுவலகத்தை நோக்கி நடந்தாள். சுவரைத் திரும்பக் கட்டச் சொல்வதா, குளியலறைகள் இருக்கட்டும் என்று சொல்வதா என்று அந்தத் தெருமுனை வரைக்கும் அவளுக்குப் புலப்படவில்லை. ஆனாலும் வேகமாகத்தான் நடந்தாள்.