ஏழாம் எண் டைனிங் கார்

1978ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று, குற்றாலத்தில் எங்கள் வீட்டுப் பூஜையறைக்குள் ஒரு ரயில் பெட்டி சிக்கிக்கொண்டது. நாலு நாற்பதுக்குத் தென்காசி நிலையத்துக்கு வரும் சென்னை மெயிலில் அதை உரியவரிடம் ஒப்படைப்பதாக நான் வாக்களித்திருந்தேன். அப்போது மணி இரண்டரை.

பெட்டி ஒன்றரை அடி நீளந்தான். ரயிலில் சாப்பாடு பரிமாறும் டைனிங் காருக்கு, தகரமும் மரமும் கலந்து செய்த மாதிரி வடிவம். கூரையைத் தூக்கினால் உள்ளே எட்டு மேசைகள், மேசைக்கொரு கடுகளவு விளக்கு, ஒரு கோடியில் கரியடுப்புடன் சமையற்கட்டு. இங்கிலாந்தில் மொத்தம் பன்னிரண்டே செய்தார்களாம். இதன் அடிப்பாகத்தில் ஏழு என்ற எண் பொறித்திருக்கும். ரயில்வேயில் வரைபடக்காரராக இருந்து ஓய்வுபெற்ற செங்கோட்டை வெங்கடேஸ்வரன் அவர்களுக்கு, 1947இல் தாயகம் திரும்பிய ஒரு துரை கொடுத்துச் சென்றது. நான் தென்காசியில் வரலாற்றாசிரியை. பள்ளிக் கண்காட்சிக்கு அதை இரவல் கேட்டேன். அவர் மூன்று முறை மறுத்து, நான்காம் முறை இசைந்தார்.

“ரெண்டு முனையையும் பாருங்கோ டீச்சர். கதவே கிடையாது” என்று அவர் அப்போது விளக்கினார். “அந்தக் காலத்துல ஓடற வண்டியில ஒரு பெட்டியிலேருந்து இன்னொண்ணுக்குப் போக வழியில்லே. சாப்பிடணும்னா ஒரு ஸ்டேஷன்ல இறங்கி, பிளாட்பாரத்துல நடந்து வந்து இதுல ஏறணும். சாப்பிட்டாச்சுன்னாலும் அடுத்த ஸ்டேஷன் வர்ற வரைக்கும் உள்ளேதான்.”

“சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள ஸ்டேஷன் வந்துட்டா சார்?”

“பாதியில எழுந்து ஓட வேண்டியதுதான். இல்லேன்னா அதுக்கடுத்த ஸ்டேஷன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணே ஒண்ணு. உருட்டிடாதேள். இது இதுவரைக்கும் சக்கரம் சுத்தாத பெட்டி. இதோட மதிப்பே அதுலதான்.”

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னையில் மாதிரி ரயில்களுக்கு ஒரு கண்காட்சி. மூன்றாம் எண்ணும் பதினோராம் எண்ணும் வருகின்றன. இதற்கும் கண்ணாடிப் பேழையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பத்து மணிக்குப் பெட்டி இல்லையென்றால் இடமும் இல்லை. அவர் செங்கோட்டையில் ஏறுவார், நான் தென்காசியில் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

தவறு காலையில் நேர்ந்தது. என் கணவர் குற்றாலநாதன் வீட்டை ஒட்டி பஸ் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். “சுந்தரி, அந்த ரயில இங்கன கொண்டா. பஸ்ஸோட நிப்பாட்டி எல்லாச் சக்கரத்துக்கும் சந்தனம் அப்பிருவோம்” என்றார்.

பட்டறையின் எண்ணெய்க் கைகளை நினைத்து அஞ்சி, “அது வண்டி இல்லைங்க. பாடம் நடத்துத சாமான். புஸ்தகத்தோட சேர்ந்தது” என்று சொல்லிவிட்டேன்.

என் மாமியார் சொக்கம்மாளுக்கு அது கேட்டுவிட்டது. “புஸ்தகத்தோட சேர்ந்ததுன்னா சரஸ்வதிகிட்டல்லா இருக்கணும்?” என்று கையிலிருந்து வாங்கி, என் புத்தக அடுக்கின் மேல் வைத்து, கூரையில் ஒரு சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் இட்டார்கள். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலை மறுபூஜைக்கு முன் எடுக்கலாகாது என்பதை நான் அறியாதவள் அல்லள். ஆயினும் பெரியவர்கள் கையிலிருந்து ஒரு பொருளைத் திரும்ப வாங்கும் பழக்கம் எனக்கு இல்லை.

பூஜையறை வாசலுக்கு நான்கு முறை போய்வந்தேன். அருவியின் இரைச்சல் அன்று ரயில் வரும் ஓசையாகவே கேட்டது. ஐந்தாம் முறை வாய் திறந்தேன்.

“அத்தை, கோவிச்சுக்கிடாதீங்க. அந்தப் பெட்டிய மட்டும்...”

“எடுத்தேன்னு வையி, படிச்ச படிப்பெல்லாம் வந்த வழியே போயிரும்.”

“அவரு ரயில்ல காத்துக்கிட்டிருப்பாருல்லா அத்தை.”

“இருக்கட்டும். சரஸ்வதி அவருக்கு முந்தி வந்தவ.”

மணி மூன்றே கால். மூன்றரை. வாசலில் ஹார்ன் ஒலித்தது. வாழைக்கன்று கட்டி, மாலை போட்ட பஸ்ஸிலிருந்து ஓட்டுநர் ஆதம் எட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, சீக்கிரம் பழத்த வையும். நாலு மணி டிரிப்பு எடுக்கணும்.”

என் கணவர் நான்கு எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களின் அடியில் வைத்தார். பஸ் அவற்றை நசுக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து நின்றது. அதைக் கண்டதும் உள்ளே ஓடினேன்.

“அத்தை, அந்த பஸ்ஸுக்கும் இன்னிக்குத்தான பூஜ ஆச்சு? அது மட்டும் போகுதே?”

“அது வண்டில்லா. பழத்துல ஏறி எறங்கிட்டா போகலாம்.”

“அப்ப இதுவும் வண்டிதான் அத்தை.”

“காலையில புஸ்தகம்னு சொன்ன வாய் யாருது?”

“என் வாய்தான். தப்பாச் சொல்லிட்டேன்.”

பின்னாலேயே வந்த என் கணவர் சிரித்தார். “சாட்சி பெறளுதா, பாரும்மா.”

மாமியார் பெட்டியை உற்றுப் பார்த்து, தாமே எடுத்துத் தரையில் வைத்தார்கள். “சரி, ஓட்டிக் காட்டு. ஓடுனா வண்டி. ஓடலேன்னா புஸ்தகம். நாளைக்கு வரை அங்கனயே இருக்கட்டும்.”

உருட்டிடாதேள் என்ற குரல் காதில் ஒலித்தது. உருட்டாவிட்டால் பெட்டி போய்ச் சேராது. உருட்டினால் போய்ச் சேர்வது வேறு பெட்டி. என் கணவர் மிச்சமிருந்த ஓர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் அருகே வைத்துப் பார்த்தார். சக்கரத்தைவிடப் பழம் பெரிது. “இதுல ஏறணும்னா மல ஏறுத மாதிரில்லா?” என்று பழத்தைப் பிழிந்து, எட்டு விதைகளைப் பொறுக்கிச் சக்கரத்துக்கொன்றாக வைத்தார்.

சிவப்புச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, ஒற்றை விரலால் தள்ளினேன். அசையவில்லை. இன்னும் சற்று அழுத்தினேன். ‘கிறீச்’ என்றது. அடுத்த கணம் விதைகள் படபடவென்று உடைய, பெட்டி ஒன்றரை சாண் தூரம் தானாக ஓடி நின்றது.

“ஏட்டி, அது பாட்டுக்குப் போகுதே!” என்றார்கள் மாமியார். கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆதமின் பஸ்ஸில் உட்கார்ந்தேன். “என்ன டீச்சர், பிள்ளையத் தூங்கப் பண்ணுதிய மாதிரி?” என்றார். டைனிங் கார் என்று சொன்னேன். “அப்ப எனக்கொரு பிரியாணி சொல்லுங்க.” வழியில் கைகாட்டியவர்களுக்கெல்லாம் நிறுத்தினார், நிறுத்திய இடமெல்லாம் பொரிகடலை வாங்கினார். அவரை விரைவுபடுத்தச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

பிளாட்பாரத்தில் நான் கால் வைத்தபோது மெயில் நின்றிருந்தது. ஜன்னலில் வெங்கடேஸ்வரன் அவர்கள் இரண்டு கைகளையும் நீட்டினார். பெட்டியைக் கொடுத்தேன். என் வாக்கு நிறைவேறிற்று, அப்படியே திரும்பியிருக்கலாம். ஆனால் ஏதும் அறியாமல் அவர் துண்டின் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“சார், மன்னிக்கணும். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு...”

ஆரம்பிப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. என்ன நினைத்தேனோ, ஓடிப்போய் ஏறிவிட்டேன். அவர் முன்னால் நான் வந்து நின்றபோது தென்காசிக் கோபுரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“சந்தனத்தைத் துடைச்சுக்கலாம். அதுக்கா ஏறினேள்?” என்றார்.

“உருட்டிட்டேன் சார்.”

அவர் பெட்டியைக் கவிழ்த்து, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். ஒரு சக்கரத்தில் உடைந்த விதை ஒட்டியிருந்தது. நடந்ததை முழுதும் சொன்னேன்.

“எவ்வளவு தூரம் போச்சு?”

“ஒண்ணரை சாண் சார்.”

“நேராவா, கோணலாவா?”

“நேராத்தான். முதல்ல மட்டும் ஒரு சத்தம்.”

“முன் சக்கரத்துலயா, பின் சக்கரத்துலயா?” எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அதில்தான் கோபம் வந்தது. “அதைக் கவனிக்க வேண்டாமோ? முப்பத்தோரு வருஷம் டீச்சர். எத்தனை நாள் கதவைத் தாழ் போட்டுண்டு இதுமேல கைய வெச்சிருக்கேன் தெரியுமா? தள்ள வரலே.”

விதையை நகத்தால் எடுத்து மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டார். பிறகு பேழையில் வைப்பதற்காகத் தட்டச்சு செய்து வைத்திருந்த அட்டையை வெளியே எடுத்தார். ‘எண் 7. ஓட்டப்படாதது’ என்றிருந்தது. கடைசிச் சொல்லை அடித்துவிட்டு, ரயிலின் ஆட்டத்தில் எழுத்துகள் கோணலாக, ‘ஒரு முறை ஓட்டப்பட்டது. ஒன்றரை சாண். குற்றாலம்’ என்று எழுதினார்.

“இனிமே இடம் கொடுப்பாங்களா சார்?”

“பத்து மணிக்குத் தெரியும்” என்று சொன்னவர், சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துப் பரபரத்தார். “கடையநல்லூர் வந்துடுத்து. இறங்குங்கோ, இறங்குங்கோ! விட்டேள்னா சங்கரன்கோயில்தான்.”

இறங்கினேன். மெயில் புறப்பட்டது. அவர் மடியில் பெட்டி இருந்ததா, இருக்கையில் வைத்திருந்தாரா என்று எட்டிப் பார்ப்பதற்குள் ஜன்னல் கடந்துவிட்டது.

வாயிலில் நின்றவர் டிக்கெட்டுக்குக் கையை நீட்டினார். என்னிடம் இல்லை. நான் காலையில் நடந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.