கோணலாய் நின்ற குச்சிகள்

...நாற்பத்திரண்டு குச்சிகள், நாற்பத்திரண்டையும் நேற்று மாலை தன் கையாலேயே பிடுங்கி, ஏரிக்கரையோரம் ஒரே வரிசையில் நட்டு, நூல் பிடித்துச் சரிபார்த்து, இரண்டடி தள்ளி நின்று ரசிக்கவும் செய்தாரே நம் நில அளவையர், அந்தப் புத்தியை என்னவென்று சொல்வது? வெள்ளைக் குச்சி கோணல்மாணலாக நின்றால் அது தன் ஆட்கள் எல்லை குறிக்கச் செய்த அரைகுறை வேலை என்றுதான் இருபத்திரண்டு வருட அளவை மூளைக்குத் தோன்றும். காலையில், கலை கலை என்று திரியும் மச்சினிச்சி போனில் சொன்ன பிறகல்லவா தெரிகிறது... "மாமா, ஊர்க்காரங்களுக்கு ஆளுக்கொரு குச்சி கொடுத்து, இந்த ஏரிப்பக்கம் உங்களுக்குப் பிடிச்ச இடத்துல நடுங்கன்னு சொன்னேன். அதுதான் என் படைப்பே. பத்து மணிக்கு நகரசபைக்காரங்க வர்றாங்க, நீங்களும் வந்துடுங்க." அவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏரியை மண் கொட்டி மூடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பார்களாம். ஒரு வாரம் வீடு வீடாக அலைந்திருக்கிறாள் பாவி மகள். மணி எட்டேகால்.

சரி, பிடுங்கியவரே நட வேண்டியதுதான், ஆனால் எங்கே, ராத்திரி மழை பெய்து பழைய குழியெல்லாம் தூர்ந்துவிட்டதே... ஒரு மனுஷன் ஆசைப்பட்டு எங்கே நடுவான்? மரத்தடியில் நின்றார், காற்று சட்டைக்குள் புகுந்தது, அட, இங்கே மூன்று பேராவது நட்டிருப்பார்கள். பாறையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டார், இங்கே ஐந்து. புல்லில் படுத்தும் பார்த்தார், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை. பதிவேட்டில் 'உபயோகமற்ற நிலம்' என்று இதற்கு எழுதியது இதே கைதானே, ஒரு தடவையாவது தலையை நிமிர்த்தியிருக்கலாம்... வெட்கமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, சீட்டியடித்துக்கொண்டே கடைசிக் குச்சியையும் நட்டார்.

ஒன்பதரைக்கு மச்சினிச்சி வந்தாள். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் இடுப்பில் கைவைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எல்லாமே தண்ணியப் பாத்தே நிக்குதே மாமா."

"ஏரின்னா பின்ன எதைப் பாப்பாங்க?"

"பதினோரு பேர் அந்த இடிஞ்ச பம்பு ரூமுக்குப் பின்னாடி நட்டிருந்தாங்க. அங்கருந்து தண்ணியே தெரியாது. போய் நட்டுட்டு வாங்க."

ஆமாம், அங்கிருந்தும் பிடுங்கினார், முள் குத்தியதுகூட நினைவிருக்கிறது, அங்கே போய் யார் ஆசைப்படுவார்கள் என்று கணக்கிலேயே சேர்க்கவில்லை, அவ்வளவுதான்... கரையிலிருந்து பதினொன்றைப் பிடுங்கி அள்ளிக்கொண்டு போனார். ஒரு சுவர், கொஞ்சம் முட்செடி, மேலே துண்டு வானம். இதில் என்ன இருக்கிறது? பத்து நட்டு முடித்தார். கரையில் நகரசபைக்காரர்களின் பேச்சுக் குரல், மாமா மாமா என்று மச்சினிச்சியின் குரல், எல்லாம் கேட்டது, ஆனால் ஒருவருக்கும் அவர் தெரியவில்லை, அப்போதுதான் உறைத்தது, அழவோ சும்மா இருக்கவோ யார் கண்ணிலும் படாத இடம்... அந்தப் பதினோரு பேர் யாராக இருக்கும்? தினமும் பார்க்கிற முகங்களாகத்தான் இருக்கும். இதைப் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? பதினோராவது குச்சி கையிலேயே இருந்தது, மறுபடி மாமா என்று கூப்பிட்டாள், அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.