கடைசி வரி மனப்பாடம்

என் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே அந்தக் கடைச் சுவரில் தொங்கும் அட்டைதான். மேலே ஒற்றைப் பெரிய எழுத்து, கீழே வர வர எறும்பு அளவு. ஐந்து வயதிலேயே ஏழு வரியும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பதினோரு வயதில் ஒரு நாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், நாலாவது வரியிலிருந்து எல்லாம் கலங்கித் தெரிந்தது. அப்பா அன்று ஒரு வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். "கடைசி வரியப் படிச்சுக் காட்டும்மா" என்றார். படித்தேன், கண்ணால் அல்ல, ஞாபகத்தால். "பாத்தீங்களா, கழுகுக் கண்ணு!" என்று அப்பா பூரித்துப்போனார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் இன்னும் கலங்கியது, நான் இன்னும் வேகமாகப் படித்தேன். இப்படியே ஆறு வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பள்ளியில் முதல் பெஞ்சும் பக்கத்துப் பெண்ணின் நோட்டும் என்னைக் காப்பாற்றின.

தெருவில் யார் சிரித்தாலும் எனக்குத் தெரியாது. நேராகப் போய்விடுவேன். வகுப்பில் எனக்கு 'மகாராணி' என்று பெயர் வைத்தார்கள். தலைக்கனம் பிடித்தவளாம். நாலு பேர் ஒன்றையே சொன்னால் நமக்கே நம்பிக்கை வந்துவிடுகிறது. எனக்கு மனிதர்களைப் பிடிக்காது, நான் தனி ரகம் என்று நானும் முடிவுகட்டிவிட்டேன்.

பள்ளிப் படிப்பு முடிந்த கோடை விடுமுறையில் அப்பா என்னைக் கடையில் உட்காரச் சொன்னார். அவர் பவர் பார்க்கும்போது லென்ஸ் எடுத்துக் கொடுப்பது, துடைத்துப் பெட்டியில் வைப்பது, இதுதான் வேலை. ஒரு நாள் எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் மகன் கண்ணாடியில் திருகாணி கழன்றுவிட்டதென்று வந்தான். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தவன். கதவில் தலை இடிக்கிற உயரம் என்பதால் தெருவே அவனை நெட்டை என்றுதான் கூப்பிடும்.

"தினமும் காலைல கை காட்டுறேன். ஒரு தடவ கூட நீ கண்டுக்கல. அவ்வளவு திமிரா?"

"கவனிக்கல" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதன்பிறகு அந்தத் திருகாணி வாரம் மூன்று தடவை, அப்பா சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்துக் கழன்றது. அவனே கழற்றிக்கொண்டு வருகிறான் என்று சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டேன், காட்டிக்கொள்ளவில்லை. மேசைமேல் குனிந்து நின்றானானால் அவன் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லப்போகும் ஜோக்குக்கு முன்கூட்டியே சிரித்துவிடுவான், பிறகு ஜோக்கையே மறந்துவிடுவான். நான் பேசினேன். பேசினேன் என்றால், வாய் ஓயாமல். மனிதர்களைப் பிடிக்காதவள் இப்படியா பேசுவாள் என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவன் வராத நாளில் கடை வெறிச்சோடிக் கிடந்தது, உள்ளே பத்துப் பேர் இருந்தாலும்.

விடுமுறை முடியப்போகிற வாரம், அப்பா சாப்பிடப் போன நேரத்தில் வந்தான்.

"நாளான்னைக்குக் காலேஜுக்குக் கிளம்புறேன். உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு. இப்ப ஒண்ணும் சொல்லாத. நாளைக்குப் பத்து மணிக்கு எங்க கடை வாசல்ல நிப்பேன். உனக்கும் பிடிச்சிருந்தா கை காட்டு. இல்லன்னா வழக்கம்போல பாக்காத மாதிரி இரு. நான் புரிஞ்சுக்குவேன், தொந்தரவு பண்ண மாட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிவிட்டான்.

எதிர்ச்சாரி என்பது எனக்கு வெறும் சட்டை நிறங்கள். குத்துமதிப்பாகக் கை காட்டலாம், அது அவன் அப்பாவாக இருந்துவிட்டால்?

மறுநாள் பத்து மணி. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து ஆர்டர் எழுதிக்கொண்டிருந்தார். மருந்துக்கடை வாசலில் வெள்ளைச் சட்டையில் இரண்டு நெடிய உருவங்கள். அவன் அப்பாவும் நெட்டைதான், அது அப்போதுதான் உறைத்தது. இரண்டில் ஒன்று என் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அது உள்ளே போய்விடும். நான் சாகும்வரை மகாராணியாகவே இருக்கலாம்.

பவர் பார்க்கும்போது மாட்டிவிடுகிற கனத்த வட்டச் சட்டத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒன்று பவர் லென்ஸ் போட்டேன், போதவில்லை. இரண்டு. அதோடு ஒரு கால் பவர்.

தெரிந்தான். இடப்பக்கம் நின்றவன். சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துத் துடைத்து நின்றான். எவ்வளவு தைரியசாலி என்று நினைத்திருந்தேன்! ஒருவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து நிற்பதை நான் அதுவரை கண்டதில்லை. இந்த ஆறு வருடத்தில் இப்படி எத்தனை முகங்களைக் கடந்து போயிருப்பேன்? பஸ்ஸை நிறுத்துகிறவளைப்போல் கையை உயரத் தூக்கினேன்.

"எவ்வளவு பவர் போட்டிருக்க?" அப்பாவின் குரல்.

"மைனஸ் ரெண்டே கால்."

"தெளிவாத் தெரியுதா?"

"தெரியுதுப்பா."

"எப்பலேர்ந்து இப்படி?"

"ஆறாவதுலேர்ந்து. அட்டைய மனப்பாடமாச் சொன்னேன்."

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். ஊர்க் கண்ணெல்லாம் பார்த்தவர் என் கண்ணைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தப் பையன் லீவு பூரா உனக்குக் கை காட்டுனத நானும் பாத்துட்டுதாம்மா இருந்தேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல. எம் பொண்ணு குணம் அப்படின்னு உங்கம்மாகிட்ட தினமும் பெருமையடிச்சேன்." குரல் உடைந்தது. "அது குணம் இல்லையாம்மா? பார்வையா?"

"பார்வைதான்ப்பா. என் குணம் என்னன்னு எனக்கே இன்னும் தெரியாது."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். லென்ஸ் நனைந்து எல்லாம் மறுபடி கலங்கியது. அப்பா எழுந்து வந்து சட்டத்தைக் கழற்றி, லென்ஸையெல்லாம் தன் துணியால் துடைத்து, காதில் அழுத்தாமல் மாட்டிவிட்டார்.

"மொதல்ல நல்லாப் பாரு. முடிவெல்லாம் அப்புறம் பண்ணு."

திரும்பினேன். முகமெல்லாம் பல்லாக அவன் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தான், என்னை மட்டுமே பார்த்தபடி. அப்பா வாசலுக்கு ஓடினார்.

"டேய், ரெண்டு பக்கமும் பாத்து வாடா!"