தெரெனிவ்காவில் அறுப்பு நின்றது

பனி உலராத கோதுமைத் தாளை இடக்கையால் வளைத்துப் பிடித்து, அடியில் அரிவாளை இழுத்தாள் தெக்லா. விடியுமுன் குனிந்த இடுப்பு இன்னும் நிமிரவில்லை. சுணை கழுத்தெல்லாம் ஒட்டி அரித்தது. தெரெனிவ்கா கிராமத்துப் பெண்கள் இருபுறமும் அவள் வேகத்துக்கே அறுத்து வந்தார்கள். வரிசையை நடத்துபவள் அவள்.

காட்டை அழித்து அந்த வயலை உண்டாக்கியவர்கள் அவர்களுடைய பாட்டன்மார், பண்ணையடிமைகள். அடிமைத்தனம் ஒழிந்ததென்று ஒருநாள் தேவாலயத்தில் வாசித்தார்கள். நிலம் பண்ணையாரிடமே நின்றது. பிறகு விறகுக் காடு போயிற்று, மேய்ச்சல் தரை போயிற்று. மிஞ்சியது அறுப்புக் கூலிதான்: பத்துக் கட்டுக்கு ஒரு கட்டு. போன வருஷம் பண்ணையின் கதிரடிக்கும் இயந்திரம் தெக்லாவின் புருஷன் ஓனுஃப்ரியின் வலக்கையை முழங்கையோடு தின்றுவிட்டது. இப்போது அவள் அறுத்தால்தான் வீட்டில் ரொட்டி.

வெயில் ஏறியபோது காரியஸ்தன் ஸ்குல்ஸ்கி வந்தான். குதிரையைவிட்டு இறங்காமலே, இனிப் பதினாலு கட்டுக்கு ஒன்று என்றான்.

பெண்கள் நிமிர்ந்து தெக்லாவைப் பார்த்தார்கள்.

"அது பனிக்காலத்துல பாதிகூடத் தாங்காதுங்கய்யா. பழைய பங்கு தந்தா அறுக்கிறோம்."

"தந்தாவா? கதிர் யாருது?"

"கதிர் உங்களுது. கை எங்களுது. அதுலயும் ஒண்ணை எடுத்துக்கிட்டீங்க."

அவன் முகம் கறுத்தது. அவளைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினான். "உனக்கு மட்டும் பழைய பங்கு. வெளிய தெரிய வேணாம். நீ குனிஞ்சா மத்ததுங்களும் குனியும்."

தெக்லாவுக்கு வீட்டிலிருந்த காலி மாவுப்பெட்டி கண்ணுக்குள் வந்தது. பிறகு வரிசைக்குத் திரும்பி, அவன் சொன்னதை அவனெதிரிலேயே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

முற்றிய கதிர் உதிரத் தொடங்கியது. இரண்டொரு நாளில் ஸ்குல்ஸ்கி மலைக்காட்டு ஆட்களை அறுப்புக்கு வண்டிவண்டியாகக் கொண்டுவந்து இறக்கினான். உள்ளூர்ப் பெண்கள் சிலர் மண்ணாங்கட்டியைக் கையிலெடுத்தார்கள். தெக்லா அவர்களை அதட்டிக் கீழே போடச் செய்துவிட்டு, வெறுங்கையோடு வண்டிகளை நோக்கி நடந்தாள். வந்தவர்களின் கன்னங்கள் ஒட்டிக் கிடந்தன.

"இங்க தகராறுன்னு அவன் சொல்லலியேம்மா," என்றாள் அவர்களில் மூத்தவளான வசிலினா. "எங்களுக்குப் பட்டினி. வான்னான், வந்தோம்."

"எங்களுக்கும் பட்டினிதாங்கக்கா. இன்னிக்கு நீங்க பதினாலுக்கு அறுத்தா, வர்ற வருஷம் உங்ககிட்டயே இருபதும்பான்."

வசிலினா வயலைப் பார்த்தாள். தன் ஆட்களைப் பார்த்தாள். அவர்களுக்குள் வெகுநேரம் பேச்சு நடந்தது. ஒருவன் கோபித்து வண்டிச் சக்கரத்தை உதைத்தான். கடைசியில் அவள் அரிவாளைச் சாக்கில் சுற்றினாள்.

"உலை வைக்க இடம் காட்டு," என்றாள்.

தெரெனிவ்காவிலிருந்து பீட்ரூட்டும் முட்டைக்கோசும் வந்தன. வரப்போரம் ஒரே பானையில் கொதித்தது. அது இத்தனை பேருக்கும் எட்டுமா என்று தெக்லாவுக்குக் கவலையாக இருந்தது. பாலத்துக்கு அப்பால் காவலர் குதிரைகளின் புழுதி எழுந்தது. வசிலினா சற்று நகர்ந்து தெக்லாவுக்கு இடம் விட்டாள். புழுதி நெருங்கி வந்தது. வரப்பைவிட்டு ஒருவரும் எழவில்லை.