ஆணி அடித்த இடம்

வலது தோளில் ஆரம்பித்த வலி கழுத்தைச் சுற்றிக்கொண்டு காதுக்குக் கீழே வந்து குடியேறியிருந்தது. சட்டை போடக் கையைத் தூக்கினால் மூட்டுக்குள் யாரோ துருப்பிடித்த திருகாணியைத் திருகுவது போலிருந்தது. படுத்தால் குத்தியது, எழுந்தால் இழுத்தது. மனைவி தைலத்தைத் தேய்த்தபடி, "நீங்க மரத்த அறுக்குறீங்களா, மரம் உங்கள அறுக்குதா?" என்று கேட்டாள். இரண்டும்தான் நடந்துகொண்டிருந்தது.

மரப்பட்டறையில் அவனுக்கு 'நெளிவு' என்று பெயர். பேண்ட் சா மெஷினில் வளைவு அறுப்பது அவன் வேலை. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி பெல்ட் மாதிரி ஓடுகிற பல் வைத்த பிளேடு. பிளேடு ஓடுகிற இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட விலகாது. ஆள்தான் கனத்த பலகையைப் பென்சில் கோட்டின் மேல் பிசகாமல் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கண் பாதி, தோள் பாதி. கண் இன்னும் நன்றாக இருந்தது. தோள் பாக்கியைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. பேச்சிலும் அவன் நேர்கோட்டில் போகிற ஆள் இல்லை, பெயர் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்பார் கூட வேலை செய்கிற பாலிஷ்காரர்.

அந்த வாரம் ஒரு பெரிய வட்ட மேசைக்கு ஆர்டர் வந்தது. மேசையின் ஓரச்சட்டம் நான்கு வளைவுத் துண்டுகளால் ஆனது. நான்கும் ஒன்றோடொன்று முட்டி வட்டமாக மூட வேண்டும், ஒன்று கோணினாலும் வாய் பிளக்கும். ஆர்டர் கொடுத்தவர் தன் வீட்டு வாசலில் காற்றுக்கு விழுந்த மரத்தை அறுத்துக் கொண்டுவந்திருந்தார். முதலாளியம்மா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கடைக்குப் போய் இன்னொண்ணு வாங்குற மரம் இல்ல இது. போனா போனதுதான். பாத்து."

அவன் தோளைத் தடவிக்கொண்டு யோசித்தான். மரத்தைத் தோள் ஏன் திருப்ப வேண்டும்? நடுவில் ஓர் ஆணி பிடித்துக்கொண்டால் மரம் தானே சுற்றாதா? செக்குமாட்டுக்கு யாராவது வட்டம் வரைந்தா கொடுக்கிறார்கள்?

ஒரு ஜிக், அதாவது மரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கிற தாங்கி, செய்வது என்று முடிவு செய்தான். கழிவில் கிடந்த பிளைவுட்டை வெட்டி, மெஷின் மேடையோடு அசையாமல் இறுக்கினான். அதில் தலை வெட்டிய ஓர் ஆணியை நட்டான். இன்னொரு பிளைவுட் தட்டில் துளை போட்டு ஆணியில் உட்காரவைத்தான். அறுக்க வேண்டிய பலகையைத் தட்டின் மேல் திருகாணியால் முடுக்கிவிட்டால் போதும், இரண்டு விரலால் தள்ளினாலும் தட்டு ஆணியைச் சுற்றி வரும். பிளேடு அதுவாகவே வளைவைப் போட்டுக்கொள்ளும். இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஆணி, பிளேடின் பல் நுனிக்கு நேர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னே பின்னே இருந்தால் பிளேடு வட்டத்தை விட்டு ஓடப் பார்க்கும். இது அவனுக்குத் தெரியும். மூலைமட்டத்தைப் பல் நுனியில் வைத்து, கோடு இழுத்து, பார்த்துப் பார்த்துத்தான் ஆணி அடித்தான்.

"என்னப்பா, மெஷினுக்குக் கட்டில் போடுறியா?" என்றார் பாலிஷ்காரர்.

"எனக்கே போட்டுக்கிறேன். நாளைலேர்ந்து படுத்துக்கிட்டே அறுப்பேன்."

மறுநாள் காலையில் அகலப் பிளேடைக் கழற்றிவிட்டு, வளைவுக்கு ஏற்ற குறுகலான பிளேடை மாட்டினான். மச்சான் தீட்டிக் கொடுத்த பிளேடு. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வாள்களுக்கு அரம் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பல்லை இடமும் வலமும் சாய்த்துக் கொடுப்பது அவர் தொழில். சுற்றுவட்டாரப் பட்டறைகள் முழுக்க அவருக்குப் 'பல் டாக்டர்' என்று பெயர். ஒரு பக்கத்துப் பல் கொஞ்சம் கூடச் சாய்ந்தாலும் பிளேடு அந்தப் பக்கம் இழுக்கும். அவர் தீட்டியது எதுவும் இதுவரை இழுத்ததில்லை.

அன்று இழுத்தது. பாதி வளைவுவரை ஒழுங்காகப் போன பிளேடு கோட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்தது. அவன் தட்டை அழுத்தினான். பிளேடு கத்தியது, மரம் கருகி வாடை வந்தது. நிறுத்திப் பார்த்தபோது சட்டத்தின் இடுப்பில் ஒரு வாய் விழுந்திருந்தது. ஒட்டவும் முடியாது, மறைக்கவும் முடியாது.

வாடை பிடித்து முதலாளியம்மா வந்துவிட்டார். "என்ன ஆச்சு?"

அவன் வாய் அவனைக் கேட்காமலே பேசியது. "பிளேடு இழுக்குதும்மா."

"யாரு தீட்டினது?"

"மச்சான்தான். பல்லு ஒரு பக்கம் கூடச் சாஞ்சிருக்கும் போல."

அந்தப் 'போல'வைக் கடைசியில் சேர்த்ததால் சொன்னதன் பாரம் குறைந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது. அப்போது அவன் அதைப் பாதி நம்பவும் செய்தான். ஜிக் புதிது, அவன் செய்தது, தப்பாக இருக்க முடியாது. பிளேடு பிறத்தியார் செய்தது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு.

முதலாளியம்மா போன் போட்டு மச்சானை வரச் சொன்னார். பல நாள் பழக்கத்தில் கத்தவில்லை. கத்தாமல் பேசியதுதான் மோசமாக இருந்தது. "வெட்டுப்பட்டது யாரு மரம்னு தெரியுமா உங்களுக்கு? நான் அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"பல் டாக்டர்கிட்டயே பல்வலியா?" என்று பாலிஷ்காரர் சிரிக்கப் பார்த்தார். மச்சான் சிரிக்கவில்லை. பிளேடை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கட்டைவிரலை ஓட்டினார். பிறகு பிளேடை மூன்று வளையமாக மடித்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சொந்தக்காரனைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வேறொரு குறுகல் பிளேடை மாட்டிக் கழிவுக் கட்டையில் ஓட்டிப் பார்த்தான். அதுவும் வெளிப்பக்கமே ஓடியது, அதே இடத்தில். மூலைமட்டத்தை எடுத்துப் பல் நுனியில் வைத்தான். கோடு ஆணிக்குப் போகவில்லை. ஒரு விரல் தள்ளிப் போயிற்று.

ஆணி அடித்த அன்று மெஷினில் இருந்தது அகலப் பிளேடு. எந்தப் பிளேடு மாட்டினாலும் முதுகு பின்னால் இருக்கும் உருளையில்தான் சாயும். அகலப் பிளேடின் பல் முன்னே நிற்கும், குறுகலின் பல் பின்னே போய்விடும். பிளேடை மாற்றியவன் ஆணியை மாற்றவில்லை. தொழிலுக்கு வந்த புதியவன் செய்தால் காதைத் திருகலாம். இவன் காதைத் திருக யார் இருக்கிறார்கள்?

சுற்றுமுற்றும் பார்த்தான். எல்லோரும் அவரவர் வேலையில் இருந்தார்கள். ஆணியைப் பிடுங்கிச் சரியான இடத்தில் அடித்தான். பழைய துளையில் மரத்தூளும் பசையும் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மூடினான். பிறகு அறுத்தான். மரம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று. சாயங்காலத்துக்குள் மூன்று துண்டு முடிந்தது. நான்காவதுக்குப் பலகையின் கடைசியில் முடிச்சு விழுந்த பகுதிதான் மிச்சம். அதையும் திருப்பிப் போட்டு ஒப்பேற்றினான். நான்கையும் தரையில் வைத்துக் கூட்டியபோது இடுக்கில் ஒரு தாள்கூட நுழையவில்லை.

முதலாளியம்மா வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கெட்ட பிளேடு போனதும் எப்படி வந்திருக்கு பாத்தியா! இந்த ஜிக்கு யாரு யோசனை?"

"என்னுதுதாம்மா."

"இனிமே வளைவு வேலை முழுக்க உன் பொறுப்பு. தூக்கிக் குடுக்க ஒரு ஆளு போடுறேன். பாவம், தோள் வேற வலிக்குதுங்கற."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். சொன்னால்? வீணான மரம் தன் தலையில் விழும், கிடைக்கப்போகிற ஆள் கிடைக்கமாட்டான், பாலிஷ்காரர் வருஷம் முழுக்க ஆணிக் கதையைச் சொல்லிச் சிரிப்பார். "சரிம்மா," என்றான்.

ஆனால் சாயங்காலம் மச்சான் வீட்டுக்குப் போனான். சொல்லிவிடுவது என்றுதான் போனான். வழி நெடுக வாக்கியத்தைச் செதுக்கிக்கொண்டே போனான். 'மச்சான், ஒரு சின்ன விஷயம்' என்று ஆரம்பித்தால் லேசாக இருக்குமா, 'நான் ஒரு முட்டாள்' என்று ஆரம்பித்தால் சிரித்துவிடுவாரா?

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. மச்சான் பிளேடை இடுக்கியில் மாட்டி, மூக்கு தொடுமளவு குனிந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நல்ல நேரத்துல வந்தீங்க. எந்தப் பக்கம் இழுத்துச்சு?"

"அது இருக்கட்டும் மச்சான்..."

"எப்படி இருக்கும்? மத்தியானத்துலேர்ந்து ஒவ்வொரு பல்லா பாக்குறேன். எனக்கு எல்லாம் சரியாத்தான் தெரியுது. அதான் பயமா இருக்கு. குத்தம் கண்ணுக்குத் தெரிஞ்சா பல்லுல கோளாறு. தெரியலன்னா கண்ணுல கோளாறு."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இந்தப் பல்லப் பாக்குற நேரத்துல என் பல்லப் பாத்திருந்தா நாலு பல்லாவது மிஞ்சியிருக்கும்! தம்பி, டீ போடவா?"

"வேணாங்க்கா."

"சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் மச்சான். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. எந்தப் பக்கம்?"

'நீங்க பொய் சொல்ல மாட்டீங்க' என்று அவர் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பான். அப்படித்தான் பின்னாளில் தன்னைத் தேற்றிக்கொண்டான். அந்தத் தேறுதலும் ஒரு நெளிவுதான்.

"வெளிப்பக்கம்," என்றான்.

"ரொம்பவா?"

"கொஞ்சம்."

மச்சான் தலையை ஆட்டினார். "இப்படிக் கொஞ்சம் புடிச்சுக்குங்க. ஆடக் கூடாது."

அவன் பிளேடைப் பிடித்துக்கொண்டான். மச்சான் பல் வளைக்கும் குறட்டை எடுத்து, சரியாக இருந்த பற்களை ஒவ்வொன்றாக உள்பக்கம் சாய்க்க ஆரம்பித்தார். இல்லாத நோய்க்கு வைத்தியம் நடந்தது. குறடு அழுந்தும்போதெல்லாம் பிளேடு அவன் உள்ளங்கைக்குள் லேசாகத் துடித்தது. 'போதும்' என்று சொன்னால் போதும். ஒரு பல் போயிற்று, பத்துப் பல் போயிற்று, வளையம் முழுக்கச் சுற்றி வந்தது. அவன் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

மச்சான் பிளேடைப் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுவந்ததும் முதலாளியம்மா பக்கத்திலேயே நின்று, ஜிக் இல்லாமல், கழிவுக் கட்டையை நேராக அறுக்கச் சொன்னார். இப்போது அது நிஜமாகவே இழுத்தது, உள்பக்கமாக, குருடன்கூடச் சொல்லக்கூடிய அளவுக்கு. அவன் அன்று வாயால் சொன்னது இன்று இரும்பில் வந்து நின்றது.

மச்சான் கட்டையை வாங்கி வெட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"பழக்கம் எல்லாம் சரிதான்," என்றார் முதலாளியம்மா. "மரத்துக்கு அது தெரியாதே. இனிமே வெளியில குடுத்துக்கிறேன். தப்பா நினைக்காதீங்க."

"தப்பு என்னுதும்மா. உங்களுக்கு என்ன?" என்றார் மச்சான்.

பட்டறைப் பேச்சு பஞ்சில் பட்ட நெருப்பு. பல் டாக்டருக்குக் கண் போயிற்று என்று மற்ற பட்டறைகளும் ஒவ்வொன்றாக ஒதுங்கின. அவன் மனைவி அழுது ஓய்ந்து, அண்ணனைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டார் டாக்டர்," என்றாள் திரும்பி வந்து. "அண்ணன் நம்பவே மாட்டேங்குறார். 'அவருக்குப் பல்லப் பத்தி என்ன தெரியும்?'னு கேக்குறார். அரத்தையெல்லாம் எண்ணெய்த் துணியில சுத்திப் பரண்ல போட்டுட்டார். கிடங்குல கேட்டத் திறந்து விடுற வேலைக்குப் போறாராம். நீங்களாவது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவன் தட்டில் கை கழுவினான். சாப்பாடு பாதிக்குமேல் மிச்சமிருந்தது.

மேசையைக் கொடுத்துவிட்டு வருகிற வழியில்தான் கிடங்கு. மச்சான் அளவு சேராத சீருடையில், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்து எழுந்தார்.

"மேசை நல்லா வந்துச்சாமே! கேள்விப்பட்டேன்."

"ம்."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன் மாப்பிள்ளை. மத்தவனா இருந்தா சொந்தக்காரனாச்சேன்னு மூடி மறைச்சிருப்பான். நீங்க மறைக்கல. அன்னைக்கே சொன்னீங்க. இல்லாட்டி நான் பாட்டுக்குக் கெட்ட கண்ண வச்சுக்கிட்டுத் தீட்டிக் குடுத்துக்கிட்டே இருப்பேன். என்னைக்காவது பிளேடு அறுந்து யாரு மேலயாவது விழுந்திருக்கும். அந்தப் பாவம் எனக்கு இல்லாம போச்சு, உங்களால."

"மச்சான்..."

"சொல்லுங்க."

லாரி எதுவும் வரவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை. தெரு காலியாக இருந்தது. மச்சான் முகத்தை நிமிர்த்தி, அவன் சொல்லப்போவதைக் கேட்கக் காத்திருந்தார்.

"வெயில்ல உக்காராதீங்க. நாற்காலிய நிழலுக்குத் தள்ளிப் போட்டுக்குங்க," என்றான்.

"அதுவும் சரிதான்," என்று அவர் நாற்காலியைத் தூக்கினார்.

'ஆணி அடிச்சது நான், தப்பு என்னுது, உங்க பல்லும் கண்ணும் சரியாத்தான் இருந்துச்சு.' அவருக்கு அவன் கொடுக்க வேண்டியது இந்த ஒரு வாக்கியம். இன்றுவரை கொடுக்கவில்லை.