உம்மாவின் ஒரே படம்

கமராவைக் கண்டாலே உம்மாவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும். அதனால் அவருக்கு ஒரு படமும் இல்லை. மூத்தவள் நூருன்னிஸாவின் கல்யாணத்தன்றாவது மணப்பெண் பக்கத்தில் உட்காரவைத்துப் பிடித்துவிட வேண்டும் என்று இளையவள் ஹமீமா ஒற்றைக்காலில் நின்றாள்.

ஃபிலிம் குதிரைக்கொம்பாக இருந்த எழுபத்து நாலாம் வருடம் அது. இருந்த ஒரு சுருளையும் அண்ணன் ஜுனைதீன் சீகிரியாக் குன்றுக்கே வாரி இறைத்துவிட்டு, இரண்டே படத்துக்கு மிச்சம் வைத்திருந்தார்.

அவருடைய பழைய கமராவில் ஒரு வளையம் உண்டு. லைட் மீட்டர் காட்டும் எண்ணை அதில் வைத்தால் போதும். எண் குறையக் குறைய ஷட்டர் மெதுவாக மூடி, உள்ளே கூடுதல் வெளிச்சம் போகும். இந்தப் பாடத்தை அவர் ஒரு கிழமையாக வீட்டாருக்குச் சோற்றோடு பிசைந்து ஊட்டாத குறைதான்.

மணப்பெண் இருந்த அறை நிறைய ஊர்ப் பெண்கள். ஆண்பிள்ளை உள்ளே போக முடியாது. கமராவை வாசல் திரைக்குக் கீழால் ஹமீமாவிடம் நீட்டினார். மீட்டரை மட்டும் கையைவிட்டு விடவில்லை. ஆண்கள் பக்கத்து விறாந்தையில் நின்றே வெளிச்சம் பார்த்தார்.

"பன்னெண்டு. வேற நம்பர் வைக்க வாணாம்."

"இங்க இருட்டா ஈக்கிது நானா."

மீட்டரை விட உனக்குத் தெரியுமா என்று திரைக்கு அப்பாலிருந்து அதட்டல் வந்தது.

முதல் படத்தை அவர் சொன்னபடியே பிடித்தாள். கடைசிப் படத்துக்கு மனம் கேட்கவில்லை. குத்துமதிப்பாக எண்ணை ஆறுக்கு இறக்கினாள். ஷட்டர் மெதுவாகத்தான் மூடும் என்று தெரியும்.

"உம்மா, ஆடாம இரிங்க."

ஊரையே அதட்டிய உம்மாவுக்கு, சின்ன மகள் தன்னை அதட்டியதும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

கழுவி வந்தபோது முதல் படம் ஒரே கறுப்பு, மாலை மட்டும் மினுங்கியது. இரண்டாவதில் நூருன்னிஸா துலக்கமாக இருந்தாள். உம்மாவின் முகம் அசைந்து கலங்கிப் போயிருந்தது. ஜுனைதீன் முதல் படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. இரண்டாவதை வைத்து ஹமீமாவைத் தாளித்து எடுத்தார். அவள் அழுதாள்.

இரண்டு வருடம் கழித்து உம்மா மவுத்தானார். அடக்கிவிட்டு வந்து தேடினால் வேறு படம் இல்லை. ஜுனைதீனே ஹமீமாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போய், உம்மாவை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார். கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமே விளங்கவில்லையே, காசுக்குத்தான் நட்டம் என்றார்.

"சிரிக்கிறாங்க," என்றார் ஜுனைதீன். "எங்களுக்கு வெளங்குது. பெருசாவே அடிங்க."